செயின் ஆயிலர்: தூக்கிக்கொண்டு போவார்களா, திருகிவிட்டுப் போவார்களா?

பைக்கில் மாட்டிய உபரிப் பொருள்களைத் திருடனின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஹேண்டில்பாரில் கிளாம்ப் போட்ட ஜிபிஎஸ், ஒரு விரல் அழுத்தினால் கழன்றுவிடும் டாப் பாக்ஸ், ஒற்றை போல்ட்டில் நிற்கும் எல்இடி விளக்கு, ஆக்‌ஷன் கேமரா எல்லாம் முதலில் கண்ணில் படும். எடுத்தால் கை அழுக்காகாது, பெரும்பாலான பைக்குகளுக்குப் பொருந்தும், பெட்டியோ பில்லோ இல்லாமலும் விலைபோகும். ஓடும்போதே செயினுக்கு எண்ணெய் சொட்டும் தானியங்கி செயின் ஆயிலரில் இருப்பதோ எண்ணெய்ப் பிசுக்கான ஒரு சின்ன டப்பா, உங்கள் பைக்கின் நீளத்துக்கு வெட்டி ஒட்டிய குழாய், முனையில் தேய்ந்துபோன ஒரு ரப்பர் மூக்கு. கழற்றிய பிறகு அதற்கு மதிப்பே கிடையாது.

ஆகவே ஆயிலர் வாங்கும்போது ‘திருடிவிடுவார்களோ’ என்று மட்டும் யோசிப்பது பாதிக் கேள்வி. நிறுத்திவைத்த இடத்தில் யாரோ சொட்டும் அளவை மாற்றும் குமிழைச் சும்மா திருகிப் பார்ப்பதும், குழாயை இழுத்துப் பார்ப்பதும்தான் மீதிப் பாதி. அது திருட்டைவிட மோசமான பாதி. டப்பா காணாமல் போனால் செயின் கொஞ்சம் வறளும். குமிழ் முழுக்கத் திறந்திருந்தால் பின்சக்கர டயரின் ஓரத்தில் எண்ணெய் ஏறும். அது அடுத்த வளைவில் சாயும்போதுதான் தெரியவரும். கீழே ஒவ்வொரு வகையையும் இந்த இரண்டு கோணத்திலும் சேர்த்தே பார்க்கலாம்.

அதற்கு முன் ஆயிலரின் வேலை என்ன என்பது தெளிவாக வேண்டும். ரப்பர் வளையங்கள் வைத்த ஓ-ரிங் செயினில், கண்ணியின் ஊசிக்கும் அதைச் சுற்றிய புஷ்ஷுக்கும் நடுவே உள்ள கிரீஸ் தயாரிக்கும்போதே அடைக்கப்பட்டுவிடுகிறது. வெளியிலிருந்து போடும் ஆயில் அங்கே போகாது, போகவும் வேண்டாம். ரோலரின் வெளிப்பரப்பு, ஸ்ப்ராக்கெட் எனும் பல்சக்கரத்தின் பல், வறண்டு வெடிக்கக்கூடிய ஓ-ரிங் விளிம்பு, துருப்பிடிக்கும் பக்கத்தகடு, இவ்வளவுக்குத்தான் ஆயில். தேவைப்படுவது மிகக் கொஞ்சம், ஆனால் விடாமல் கிடைக்க வேண்டும். ஸ்ப்ரே அடித்தால் முதல் நாள் மிகுதி, கடைசி நாள் வறட்சி. நடுவில் ஒரு மழை பெய்தால் கணக்கே போச்சு. ஆயிலர் சொட்டும் மெல்லிய எண்ணெய் மண்ணையும் தூசியையும் வெளியே வீசிவிடும். பிசுபிசுப்பான ஸ்ப்ரே அதையே பிடித்துவைத்து அரைக்கும் பசையாக்கிவிடும்.

வேக்குவம் வகை

ஸ்காட்டாயிலர் நிறுவனத்தின் வி-சிஸ்டம் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். எஞ்சின் ஓடும்போது காற்று உள்ளே போகும் இன்லெட் பக்கம் உண்டாகும் உறிஞ்சு விசை ஒரு வால்வைத் தூக்கும், எண்ணெய் தன் எடையாலேயே இறங்கும். எஞ்சின் நின்றதும் வால்வு மூடிக்கொள்ளும். மின்கம்பி இல்லை, திரை இல்லை. டப்பா சீட்டுக்கு அடியிலோ வால் பகுதிக்குள்ளோ போய்விடும் என்பதுதான் பாதுகாப்பில் இதன் பெரிய பலம். சீட் பூட்டுக்குள் இருக்கும் பொருளைத் திருடவும் முடியாது, திருகவும் முடியாது. வெளியே தெரிவது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் ஓரமாக ஓடும் கறுப்புக் குழாய் மட்டுமே. நிறுத்தியிருக்கும்போது அதை யாராவது அறுத்தாலும், மேலே வால்வு மூடியிருப்பதால் டப்பா முழுவதும் தரையில் கொட்டாது. வண்டியைக் கிளப்பிய பிறகுதான் வேண்டாத இடத்தில் சொட்டும்.

குறைகள் வேறு இடத்தில். வெப்பம் ஏறினால் எண்ணெய் இளகி வேகமாக இறங்கும், குளிரில் தயங்கும். ஆகவே பருவம் மாறும்போது குமிழையும் மாற்ற வேண்டும். சீட்டைக் கழற்றித்தான் குமிழைத் தொட முடியும் என்பது இங்கே தொல்லையாகிறது. பலர் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். நெரிசலில் வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அதற்குத் தெரிவது எஞ்சின் மட்டும், சக்கரம் அல்ல. வேக்குவம் குழாயில் விரிசலோ மடிப்போ விழுந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடில் (நின்றபடி எஞ்சின் ஓடும் வேகம்) தடுமாறும். ‘ஆயிலர் போட்டதிலிருந்து வண்டி ஐடிலில் நடுங்குகிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடியில் மாட்டிய இந்த இணைப்பைத்தான்.

அசைவில் திறக்கும் புவியீர்ப்பு வகை

டுடோரோ போன்றவை. டப்பாவுக்குள் ஓர் எடை இருக்கும். வண்டி குலுங்கும்போது அது அசைந்து வழிவிடும், நின்றால் அடைத்துக்கொள்ளும். எஞ்சினில் கை வைக்கத் தேவையில்லை, பேட்டரியும் வேண்டாம். அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். வேக்குவம் இணைப்பு எடுக்க இடமே இல்லாத பைக்குகளுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் இங்கே மறைவு கிடையாது. டப்பா செங்குத்தாக நிற்க வேண்டும், முனையைவிட உயரத்தில் இருக்க வேண்டும், வண்டியோடு சேர்ந்து அசைய வேண்டும். அதனால் பெரும்பாலும் பைக்கின் சட்டக் (ஃப்ரேம்) குழாயிலோ பில்லியன் ஃபுட்ரெஸ்ட் தாங்கியிலோ, எல்லோர் கண்ணிலும் படும்படி வந்து உட்கார்ந்துகொள்ளும். பளபளவென்ற உலோக உருளையும் அடியில் ஒரு குமிழும் சேர்ந்து ‘திருகிப் பார்’ என்று கூப்பிடுகின்றன. நிற்கும்போது சொட்டாது என்பதால் யாரோ குமிழைத் திறந்துவிட்டது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கிளம்பிய பிறகுதான் ஊற்றும். இந்த வகையை எடுத்தால் குமிழின் கழுத்தில் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். குமிழிலும் உடலிலும் நேர்க்கோடாக இருக்கும் அடையாளம் விலகியிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது மறக்காமல் மூடிவைக்க வேண்டும். சக்கரம் சுற்றாவிட்டாலும் குலுக்கல் போதும், எண்ணெய் இறங்கிக்கொண்டே வரும்.

மின்னணு வகை

இதற்குள்ளேயே இரண்டு சாதி உண்டு, விற்பவர்கள் அதைப் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்று, அசைவுணரியோடு வால்வைத் திறந்து மூடுவது. மற்றது, சக்கரத்தின் வேகத்தைப் படித்து இத்தனை மீட்டருக்கு இத்தனை துளி என்று பம்ப்பால் தள்ளுவது. முதல் வகையில் வால்வு திறந்திருக்கும் நேரம் மின்னணு, எண்ணெய் இறங்குவது பழையபடி புவியீர்ப்பு என்றால், வெப்பத்துக்கு ஏற்ப அளவு மாறும் தொல்லை முழுதாகத் தீராது. பம்ப் வகையில் ஒவ்வொரு தள்ளலுக்கும் கொள்ளளவு ஒன்றே. நெடுந்தூரம், பல தட்பவெப்பம், மழையில் ஒரு பொத்தானால் இரட்டிப்பு அளவு வேண்டும் என்பவர்களுக்கு இதற்கு இணை இல்லை.

திருட்டுக் கணக்கில் இதுதான் பலவீனம். ஸ்காட்டாயிலரின் இ-சிஸ்டம் போல ஹேண்டில்பாரில் திரை உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால், அது ஆயிலர் என்று திருடனுக்குத் தெரியாது. ஏதோ விலை உயர்ந்த கருவி என்றுதான் தெரியும். கிளாம்ப்பில் இரண்டு ஆலன் போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். எடுத்துப் போனவனுக்கு அது பயன்படாது. உங்களுக்கோ மொத்த அமைப்பும் செயலிழந்துவிடும். சாலையோரம் நிறுத்துபவர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வைத்து, ரப்பர் மூடி போட்ட ஒற்றைப் பொத்தானை மட்டும் வெளியே கொண்டுவர முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். முடியாதென்றால், மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும் அந்த மாடலை விட்டுவிடுவேன்.

மின்சாரத்தை நேரடியாகப் பேட்டரியில் இழுப்பதைவிட, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் கம்பியில் எடுப்பது நல்லது. நம்பர் பிளேட் விளக்கின் கம்பி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். கிட்டில் சொன்ன அளவுள்ள ஃபியூஸ் கட்டாயம். கம்பியை அறுத்து யாராவது சட்டத்தில் உரசவிட்டால் முதலில் ஃபியூஸ்தான் போக வேண்டும், வயரிங் அல்ல.

கையால் இயக்குபவை

லூப்மேன் போல பாட்டிலை அழுத்துவதும், கோப்ரா நெமோ போல ஹேண்டில்பாரில் மூடியைத் திருப்புவதும் ‘தானியங்கி’ என்ற சொல்லுக்குள் வராது, ஆனாலும் ஒப்பீட்டில் இடம் தர வேண்டும். அழுத்தும் பாட்டில் மலிவு, கேபிள் டையால் கட்டுவது, திருடுவதற்கு ஒன்றுமில்லை. அழுத்த மறப்பதும், பிறகு குற்ற உணர்ச்சியில் இரண்டு மடங்கு அழுத்துவதும்தான் பிரச்சினை. திருப்பும் மூடி வகை அழகாக இயந்திரம் செதுக்கிய உலோகம். ஹேண்டில்பாரில், கண்ணுக்கு நேராக, யார் கையும் எட்டும் உயரத்தில் இருக்கும். எட்டும் கைகளில் பெரும்பாலானவை திருடனுடையவை அல்ல, ஆர்வக்கோளாறுகளுடையவை.

எவ்வளவு சொட்ட வேண்டும்

நிமிடத்துக்கு ஒன்று முதல் இரண்டு துளி என்பது தொடக்க அளவு. ஒரு மில்லியில் தோராயமாக 30 துளி என்று வைத்தால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு துளி விழும்போது 50 மி.லி. டப்பா ஏறத்தாழ 1500 கி.மீ. வரும்; இரண்டு துளி என்றால் 750. உங்கள் டப்பா 400 கி.மீ.யில் காலியாகிறது என்றால் அளவு அதிகம், அல்லது எங்கோ கசிவு, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துவைத்தால் இந்த மூன்றையும் கண்டுபிடிக்கலாம்.

அளவைச் சரிபார்க்க எஞ்சினைச் சூடாக்கி, நியூட்ரலில் நிறுத்தி, முனைக்கு அடியில் அட்டை வைத்து ஐந்து நிமிடம் எண்ணலாம். இது வேக்குவம் வகைக்கு மட்டும் செல்லும். கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டபடி செயின் பக்கம் விரல் கொண்டுபோகவே கூடாது; விரல் துண்டாகும். மற்ற வகைகளுக்கு 100 கி.மீ. ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ரோலரைத் தொட்டால் விரலில் மெல்லிய ஈரம் ஒட்ட வேண்டும். ரிம்மில் சிறு புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, கோடாக வழிந்தால் குறையுங்கள். பக்கத்தகடுகளுக்கு இடையே செம்பழுப்புப் பொடி தெரிந்தால் அந்தக் கண்ணியின் ஓ-ரிங் போய்விட்டது என்று பொருள். எந்த ஆயிலரும் அதைக் காப்பாற்றாது.

எண்ணெயைப் பொறுத்தவரை கிட்டோடு வருவது நல்லது. தீர்ந்தால் 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஓ-ரிங்குக்குத் தீங்கு செய்யாது, ஆனால் கெட்டி என்பதால் குமிழைக் கூட்ட வேண்டும். மரம் அறுக்கும் செயின்சாவுக்கான எண்ணெய் நன்றாக ஒட்டும். ஒட்டுவதாலேயே தூசியையும் சேர்க்கும், மெல்லிய குழாயில் தயங்கவும் செய்யும்.

பொருத்தும்போது

முனை பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில், பற்களுக்குச் சற்று உள்ளே, லேசாக உரசி நிற்க வேண்டும். செயின் இடப்பக்கம் உள்ள வண்டியில் கடிகார முள் ஏழு மணி காட்டும் இடம். கீழ்ச் செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறுவதற்குச் சற்று முன்பு எண்ணெய் விழும், சுழற்சியே அதை வெளிநோக்கி ரோலருக்குத் தள்ளும். செயின் வலப்பக்கம் என்றால் ஐந்து மணி. நேராகச் செயின் மேல் சொட்டவிட்டால் பாதி காற்றில் பறந்துவிடும்.

குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் எண்ணெய் வராது. புதிதாக மாட்டியவர்கள் ‘வேலை செய்யவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கும் கிட்டுகளில் நிறைய இந்த ரகம். 2 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் குழாய் நிரம்ப 3 மி.லி. போதும், சிரிஞ்ச்சால் ஏற்றிவிட்டு இணையுங்கள். சைலன்சரிலிருந்து விலக்கி, சஸ்பென்ஷன் முழுக்க நீளும்போதும் இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்டுங்கள். முனை ஸ்விங்ஆர்மில் ஒட்டியிருந்தால் செயின் நீண்டு சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அதையும் சரிசெய்ய வேண்டும். ஆக்ஸில் தகட்டில் மாட்டும் முனைக்கு இந்தத் தலைவலி இல்லை.

பூட்டும் வேலைகளில் சில சத்தமில்லாமல் நன்றாக உழைக்கின்றன. ஆலன் போல்ட்டின் குழியில் பொருந்தும் அளவுள்ள ஒரு சின்ன இரும்புக் குண்டைத் தட்டி இறக்கி, மேலே மெழுகோ சிலிக்கானோ நிரப்பினால் பையில் ஆலன் கீ வைத்திருப்பவன் நகர்ந்துவிடுவான். நடுவில் ஊசியுள்ள டார்க்ஸ் போல்ட்டும் உதவும், ஆனால் அதற்கான பிட் எங்கும் கிடைக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பிளாஸ்டிக் கேபிள் டை ஒரு வெட்டில் போய்விடும். துருப்பிடிக்காத எஃகு டை கேட்கும் நேரமும் கருவியும் அதிகம். பளபளக்கும் டப்பாவுக்கு மங்கலான கறுப்பு டேப் சுற்றுவது செலவே இல்லாத காவல். நிறுத்தும்போது டப்பா இருக்கும் பக்கத்தைச் சுவரோரம் வையுங்கள். துணைப்பொருள்களைத் தனியாக அறிவிக்காவிட்டால் காப்பீடு அவற்றைக் கணக்கில் எடுக்காமல் போகலாம், ஆகவே பாலிசியைப் படித்து, வரிசை எண் தெரியும் படமும் பில்லும் எடுத்துவைக்க வேண்டும்.

இரவில் தெருவில் நிற்கும் வண்டிக்குச் சீட்டுக்கு அடியில் ஒளியும் வேக்குவம் வகை. பூட்டிய கொட்டகை உண்டு, ஆண்டுக்கு 15,000 கி.மீ.க்கு மேல் ஓட்டம் என்றால் வேகத்தைப் படிக்கும் பம்ப். புவியீர்ப்பு வகை, டப்பாவை மறைக்க ஓர் இடம் கிடைத்தால் மட்டும். மாதம் 200 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆயிலரே வேண்டாம், ஒரு பிரஷ்ஷும் மண்ணெண்ணெய்த் துணியும் கியர் ஆயிலும் போதும். எதை மாட்டினாலும், பொது இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பியதும் குமிழின் பெயின்ட் கோடு, முனை உரசும் இடம், பின்டயரின் பக்கவாட்டு ஆகிய மூன்றையும் கிளம்பும் முன் பாருங்கள். டயரில் எண்ணெய் தெரிந்தால் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, முதல் சில கிலோமீட்டரைச் சாயாமல் ஓட்டுங்கள்.