டி டிரைவுக்கு ‘எஸ்எஸ்டி’ என்று பெயர் வைத்துத் தலையில் கட்டிவிடுகிறார்கள், பார்த்து வாங்குங்க

கேம் ஆடப் பிள்ளைகளுக்கு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கித் தரப் போகிற கடலூர், பாண்டிச்சேரிக்காரங்க தயவுசெய்து இதைப் படிச்சிட்டுக் கடைக்குப் போங்க. எங்க அக்கா வீட்டில் நடந்தது. புகார் கொடுத்திருக்கோம், அது முடிகிறவரை கடைப் பெயரைப் பொதுவில் போடப் போவதில்லை. கடை எதுவாக இருந்தாலும் ஏமாற்றுகிற முறை ஒன்றுதான், அதைத் தெரிஞ்சுக்கிட்டாலே போதும்.

அக்காவுக்கு மஞ்சக்குப்பம். பையன் பிளஸ் டூ முடிச்சதும் சீட்டுப் பணத்தை எடுத்து அவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினாள். கடலூரை விடப் பாண்டியில் விலை குறைவு என்று நம்ம பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான்; பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். கடையில் வாட்ஸாப்பில் கொட்டேஷன் அனுப்பினாங்க. விண்டோஸுக்கு 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கேமுக்குத் தனியாக 1 டிபி எஸ்எஸ்டி என்று அதில் தெளிவாக இருக்கு. (எஸ்எஸ்டி என்றால் சுற்றுகிற தட்டு இல்லாத வேகமான டிரைவ்; என்விஎம்இ அதிலேயே இன்னும் வேகமான வகை.) டெலிவரி எடுக்கும்போது பையனிடம் கடைக்காரர் சொன்னதும் இதுதான்: “தம்பி, சி டிரைவ்ல எதையும் போடாத, விண்டோஸ் ஸ்லோ ஆயிடும். கேம் எல்லாம் டி-ல போடு. அதான் பெரிய எஸ்எஸ்டி.” திறந்து பார்த்தால் டி டிரைவுக்குப் பெயரே ‘கேம்ஸ் எஸ்எஸ்டி’. அளவும் 931 ஜிபி. 1 டிபி டிரைவை விண்டோஸ் அப்படித்தான் காட்டும், அதில் தப்பில்லை. யார் பார்த்தாலும் நம்பத்தான் செய்வாங்க.

பையன் சைபர்பங்க் 2077-ஐ டி-யில் போட்டான். லோடிங் திரை நகரவே நகராது. ஒருவழியாக உள்ளே போய்த் தெருவில் காரை எடுத்தால், எதிரே வருகிற கட்டடம் முதலில் களிமண் உருண்டை மாதிரி நிற்கும், பக்கத்தில் போன பிறகுதான் ஜன்னலும் கதவும் முளைக்கும். நடுநடுவே படம் அப்படியே உறைஞ்சு நின்னுடும். கடைக்கு போன் போட்டா, “கேம் ஹெவி கேம் சார், இந்த கிராபிக்ஸ் கார்டு பத்தாது. பழசைக் கொடுத்துட்டு மேல கொஞ்சம் போட்டீங்கன்னா நல்லதா மாத்தித் தர்றேன்” என்கிறார். அக்கா அடுத்த சீட்டையும் தள்ளி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு வயிறு எரிஞ்சது அப்போதுதான். ஒரு தடவை ஏமாற்றியது போதாது என்று, அந்த ஏமாற்றினால் வந்த கோளாறைக் காட்டியே இரண்டாம் தடவையும் பணம் பிடுங்கப் பார்த்திருக்காங்க.

நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக இருக்கும்; பக்கத்தில் அடைப்புக்குள் எந்த எழுத்து டிரைவ் அதில் இருக்கு என்பதும், கீழே அது எஸ்எஸ்டியா எச்டிடியா (தட்டு சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்) என்பதும் வரும். விண்டோஸ் 11-இல் இது உண்டு, 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் உண்டு. எங்க டி-க்கு நேராக எச்டிடி என்று இருந்தது. கேமை ஓடவிட்டுப் பார்த்தேன்: அந்த டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கிட்டு நிற்குது, கிராபிக்ஸ் கார்டு பாதி நேரம் வேலையே இல்லாமல் சும்மா கிடக்குது. எது பத்தலை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

டிரைவின் பெயர் ஒரு ஆதாரமே கிடையாது. ரைட் கிளிக் பண்ணி ரீநேம் கொடுத்தால் ‘எஸ்எஸ்டி’ என்றும் வைக்கலாம், உங்க பாட்டி பெயரையும் வைக்கலாம். எழுத்தும் அப்படித்தான். ஒரே டிஸ்க்கை மூணாகப் பிரிச்சு டி, இ, எஃப் என்று வைக்கலாம். பார்க்கிறவங்களுக்கு மூணு டிரைவ் இருக்கிற மாதிரி தெரியும்.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற இலவச மென்பொருளைப் போட்டேன். அதில் ரொட்டேஷன் ரேட் என்று ஒரு வரி உண்டு. எஸ்எஸ்டிக்குள் சுற்றுகிற தட்டு கிடையாது, அதனால் அந்த இடத்தில் எண் எதுவும் வராது. எங்களுக்கு 5400 என்று வந்தது. அதற்குப் பக்கத்தில் பவர் ஆன் ஹவர்ஸ்: 21,000-த்துக்கு மேல். புதுசு என்று பணம் வாங்கிய டிஸ்க் இரண்டு வருஷத்துக்கும் அதிகமாக ராவும் பகலும் ஓடி முடிச்சிருக்கு! கேபினட்டைத் திறந்தால், கண்ணாடி வழியாகத் தெரியாதபடி கீழே பவர் சப்ளை மூடிக்குப் பின்னாடி சொருகி வச்சிருந்தாங்க. லேபிளில் தயாரிப்பு 2018. கண்காணிப்பு கேமராப் பதிவுக்கானது என்று அதிலேயே அச்சடிச்சிருக்கு. சி டிரைவ் எஸ்எஸ்டிதான். ஆனால் கொட்டேஷனில் என்விஎம்இ, உள்ளே இருந்தது அதைவிட வேகம் குறைந்த சாட்டா வகை. அதையும் அதே மென்பொருளில் இன்டர்ஃபேஸ் என்ற வரி காட்டிக் கொடுத்தது.

எம்.2 என்றால் என்விஎம்இதான் என்று கடையில் அடிச்சுச் சொல்வாங்க, நம்பாதீங்க. எம்.2 என்பது அந்தக் குச்சியின் வடிவம் மட்டும்தான். அதே வடிவத்தில் சாட்டாவும் வருது. வேகத்தில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 550 வரை, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை. அதுவும் ஹார்ட் டிஸ்க்கின் அந்த நூற்றைம்பது, ஒரே பெரிய ஃபைலை நேராகப் படித்தால்தான். கேம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்கும். ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டின் மேல் இடம் தேடிப் போகணும், அங்கேதான் எல்லாம் நின்னுபோகுது.

அப்போ கேமை எந்த டிரைவில் போடுவது? எஸ்எஸ்டி எதுவோ அதில். சி டிரைவாக இருந்தாலும் பரவாயில்லை, விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டியிலேயே கேமைப் போட்டால் ஒரு கெடுதலும் வராது. முழுசாக அடைக்காமல் பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக விட்டால் சரி. சி-யில் எதையும் போடாதே என்பது பழைய காலத்துப் பழக்கம். அடிக்கடி விண்டோஸை அழிச்சு ஏத்தினோம், டி-யில் இருப்பது தப்பிக்கட்டும் என்று வச்சோம். ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவங்க அதைத் தூக்கிப் போட வேண்டாம். போட்டோ, படம், இப்போதைக்கு ஆடாத கேம் எல்லாம் அதில் கிடக்கட்டும். கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம் ஆப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போனால் ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு கேமை அப்படியே நகர்த்தலாம். 150 ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ் கனெக்‌ஷனில் திரும்ப இறக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நகர்த்தினால் வெகு சீக்கிரம் முடியும்.

எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு எத்தனை படம் ஓடுது என்கிற கணக்கு) ஏறும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். லோடிங் குறையும், உறைஞ்சு நிற்பது குறையும், அவ்வளவுதான். ஆனால் இப்போது வருகிற பெரிய கேம்களுக்கு அது கட்டாயம். ஸ்டார்ஃபீல்டும் பால்டர்ஸ் கேட் 3-உம் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்குது. சைபர்பங்கும் 2023-இல் வந்த 2.0 அப்டேட்டோடு ஹார்ட் டிஸ்க்கைக் கைவிட்டது. அக்கா பையன் ஆடினது அந்தக் கேமைத்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் 1 டிபிக்குப் பதிலாக 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

பாண்டி சண்டே மார்க்கெட் மாதிரி இடத்திலோ ஆன்லைனிலோ ‘4 டிபி’ என்று அடிமாட்டு விலைக்கு வருகிற கையடக்க எஸ்எஸ்டி இருந்தால் தொடவே தொடாதீங்க. உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவு காட்டும்படி மாற்றி வச்சிருப்பாங்க. உண்மையான அளவு தாண்டினதும் பழைய ஃபைல் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளில் முழுக்க எழுதிப் படிச்சுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன்னாடியே, அவங்க மேஜையில் வைத்தே டாஸ்க் மேனேஜரையும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவையும் திறந்து காட்டச் சொல்லுங்க. புது டிரைவ் என்றால் ஓடிய மணி ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கணும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் வரணும். எங்க பில்லில் ‘அசெம்பிள்டு பிசி செட் 1’ என்று ஒரே வரி. வாட்ஸாப் கொட்டேஷனை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் எங்களுக்குப் பேச வாய் இருந்தது.

கடை பாண்டியில், நாங்க கடலூரில், மாநிலமே வேற, எங்கே போய்க் கேட்பது என்று அக்கா பயந்தாள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அதனால் கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே போட்டாச்சு. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போடணும். அதற்கு முன்னாடி 1915-க்கு போன் பண்ணித் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிஞ்சோம். அங்கிருந்து கடைக்குத் தகவல் போனதும் கடைக்காரர் குரலே மாறிடுச்சு. “பெட்டியைக் கொண்டு வாங்க சார், அந்த டிஸ்க்கை மாத்தித் தந்துடறேன், பேசி முடிச்சுக்கலாம்” என்றார்.

உங்களுக்கும் இந்த அழைப்பு வரும். கொண்டுபோய்க் கொடுத்துடாதீங்க, ஆதாரம் கையை விட்டுப் போயிடும். லேபிளும் சீரியல் எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ, ஓடிய மணி காட்டுகிற ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்து வச்சுக்கோங்க. மாற்றித் தருவதாக இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க என்று கேட்டிருக்கோம். அவர் இன்னும் தரவில்லை. டிஸ்க் அக்கா வீட்டில்தான் இருக்கு.