சுரங்க மண்மேட்டில் மல்ட்டிஸ்பெக்ட்ரல் கேமரா: நீண்ட நாள் அனுபவம்

என் ட்ரோன் கேமராவோடு சேர்ந்து வெயிலின் அளவைப் பதியும் வெயில் சென்சார், பழுதுபார்க்கப் போய்த் திரும்பி வந்த வாரத்திலேயே நண்பர் ஒருவர் கேட்டார்: "மூடிய சுரங்கத்தின் மண்மேட்டில் செடி எப்படி மீண்டு வருகிறது என்று பார்க்க, ட்ரோனில் மாட்டும் மல்ட்டிஸ்பெக்ட்ரல் கேமரா வாங்கலாமா? செயற்கைக்கோள் படமே போதுமா?" எத்தனை பட்டை (கேமரா தனித்தனியாகப் படம் எடுக்கும் சிவப்பு, அகச்சிவப்பு போன்ற ஒளிப் பகுதிகள்), என்ன எடை, எவ்வளவு உயரத்தில் எத்தனை சென்டிமீட்டர் பிக்சல் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பிராண்டு பெயரும் இங்கே தேவையில்லை. இந்த வகைக் கேமரா எதுவானாலும் நான் சொல்லப்போகும் தொல்லை உண்டு.

தொல்லை கேமராவில் இல்லை, அதோடு வரும் சாம்பல் நிறப் பலகையில் இருக்கிறது. ட்ரோன் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் அதைத் தரையில் மட்டமாக வைத்து, நம் நிழல் விழாமல் ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் அது எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று ஆய்வகத்தில் அளந்து கொடுத்திருப்பார்கள். செடி எத்தனை சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று மென்பொருள் கணக்கிடுவது அதை வைத்துத்தான். பயிர் வயலில் இது அரை நிமிட வேலை. மண்மேட்டில் அப்படி இல்லை. தூரத்தில் ஒரு டிப்பர் கடந்தால் போதும், பலகை மேல் மெல்லிய படலமாகப் புழுதி உட்கார்ந்துவிடும். துணியால் துடைத்தால் புழுதி மேற்பரப்புக்குள் தேய்ந்து இறங்குகிறது. விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. வாயால் ஊதினால் எச்சில் துளி. கடைசியில் லென்ஸ் சுத்தம் செய்யும் ரப்பர் ஊதியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அதிலும் எல்லாப் புழுதியும் போவதில்லை.

கொஞ்சம் தூசுக்கா இத்தனை கோபம் என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். கரித்தூசு எல்லாப் பட்டைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கவைக்கும்; என்டிவிஐ (அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் பச்சைக் குறியீடு) ஒரு விகிதம் என்பதால் பெரும்பகுதி அடிபட்டுப் போய்விடும். மண் புழுதி அப்படி விடாது. அகச்சிவப்பைவிடச் சிவப்பைத்தான் அதிகம் குறைக்கும். பலகை சிவப்பில் மங்கினால், தரையில் இருக்கும் எல்லாமே கணக்கில் கூடுதல் சிவப்பாக வரும். இப்போதுதான் நட்ட, பாதி மண் தெரிகிற சரிவில் சிவப்பு 15 சதவீதம், அகச்சிவப்பு 25 சதவீதம் என்று வையுங்கள். என்டிவிஐ 0.25. சிவப்பு அளவு பத்தில் ஒரு பங்கு கூடி 16.5 ஆனால் அது 0.205 ஆக இறங்கிவிடும். அடர்ந்து வளர்ந்த இடத்தில், சிவப்பு 5, அகச்சிவப்பு 40 என்றால், அதே பிழை 0.78-ஐ 0.76 ஆக்குவதோடு நின்றுவிடும். அதாவது செடி குறைவாக இருக்கும் இடத்தில்தான், நாம் மிகக் கவலையோடு பார்க்கும் முதல் சில ஆண்டுகளில்தான், இந்தத் தூசு பெரிதாக அடிக்கிறது. செடி காய்கிறதா, பலகை அழுக்கா என்று தெரியாமல் நிற்பதைவிட எரிச்சல் இந்த வேலையில் எதுவும் இல்லை.

இது நீண்ட கால ஒப்பீடு என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு மேற்பரப்புச் சுரங்கச் சட்டம், கடைசி விதைப்புக்குப் பிறகு 5 முழு ஆண்டுகள் செடிகளுக்கான பொறுப்பைச் சுரங்க நிறுவனத்தின் மேல் வைக்கிறது. ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள இடங்களில் 10 ஆண்டுகள். முதல் ஆண்டுப் படமும் பத்தாம் ஆண்டுப் படமும் ஒரே அளவுகோலில் பேசவில்லை என்றால் அவற்றை எடுத்தே பயனில்லை. வெயில் சென்சார் பழுதாகிப் போய் வந்ததில் எனக்கு வந்த கவலையும் இதுதான். கான்கிரீட் தளம், ஜல்லி பரப்பிய இடம் என்று ஆண்டுக்கு ஆண்டு மாறாத பரப்புகளை ஒவ்வொரு பறப்பிலும் சேர்த்து எடுத்திருந்ததால்தான் பழைய படங்களோடு புதியதைப் பொருத்திப் பார்க்க முடிந்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். சிவப்பு விளிம்புப் பட்டை என்று ஒன்று இருக்கிறது, சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில். வாங்கும்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, கண்ணுக்கு முழுப் பச்சையாகத் தெரிந்த ஒரு சரிவில் அந்தப் பட்டையின் குறியீடு மட்டும் நாடா போல ஓரிடத்தில் இறங்கியிருந்தது. நடந்து போய் மண் எடுத்துச் சோதித்தால் பிஎச் 4-க்கும் கீழே. உள்ளே புதைந்திருந்த பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டு அமிலமாகிக் கசிந்துகொண்டிருந்தது. அந்த அளவு அமிலத்தில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். இலை மஞ்சளாகும் முன்பே சுண்ணாம்பு போட முடிந்தது. அன்று இந்தக் கேமரா மேல் வந்த மதிப்பு இன்னும் போகவில்லை.

செயற்கைக்கோள் பற்றி: ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், 10 மீட்டர் பிக்சல், இரண்டு செயற்கைக்கோள்களோடு 5 நாளுக்கு ஒருமுறை படம். பரந்த சமவெளிக்கு அது போதும். ஆனால் சிவப்பு விளிம்பு அதில் 20 மீட்டர்தான். படிப்படியாக வெட்டிய மேட்டில் ஒரு பிக்சலுக்குள் படியும் சரிவும் சேர்ந்து விழும்; நான் கண்ட அந்த நாடா அதில் தெரிந்திருக்காது. அப்புறம், இரண்டுமே பச்சை எவ்வளவு என்றுதான் சொல்லும். விதைத்த புல்லா, தானாக வந்த களையா, திரும்பி வர வேண்டிய மரக்கன்றா என்று பார்க்கச் தரையில் வைத்து உள்ளிருக்கும் செடிகளை எண்ணும் சதுரச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நடந்தே ஆக வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வேலை நடக்கும் சுரங்கத்தின் பக்கத்தில் என்றால் நிச்சயம் வேண்டாம். என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் தரமாட்டேன். இதற்குப் பிறகும் வாங்குவதாக இருந்தால் பலகை இரண்டு வாங்குங்கள். ஒன்றை உறை பிரிக்காமல் வீட்டிலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை புழுதி இல்லாத இடத்தில், ஒரே வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால், வேலைக்குப் போகும் பலகை எந்தப் பட்டையில் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று எண்ணாகவே கிடைக்கும்.