மெம்பர்ஷிப் கிடங்குக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்: சில ஆண்டு அனுபவம்

உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடும் பெரிய கிடங்குக் கடைகளில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து சாமான் வாங்கி வருகிறேன். "கட்டணம் கட்டிச் சேர்ந்தால் லாபமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை நாளில் தீரும்? பதில் சட்டென்று வந்தால் தாராளமாகச் சேரலாம். வராவிட்டால் ஒரு மாதம் அதைக் கவனித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்பேன். இந்தக் கடைகளில் எது மலிவு என்பதை அங்கே தொங்கும் விலைச்சீட்டு பாதிதான் சொல்லும். மீதிப் பாதி நம் வீட்டில் அது எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்பதில் இருக்கிறது.

விலைச்சீட்டின் ஓரத்தில் கிலோவுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். விலையைப் பையில் இருக்கும் எடையால் வகுத்து வந்த தொகை அது. நான் வகுப்பது வேறு எடையால். கெட்டுப்போவதற்குள் எங்கள் வீட்டில் தீரக்கூடிய எடை எதுவோ, அதால். மூன்று கிலோ பை வாங்கி இரண்டு கிலோ பயன்பட்டு ஒரு கிலோ குப்பைக்குப் போனால், கொடுத்த பணம் முழுவதும் அந்த இரண்டு கிலோவுக்குத்தான். சீட்டில் போட்டிருந்த அலகு விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கிறோம். அந்த விலைக்குப் பக்கத்துக் கடையில் சின்னப் பொட்டலமே கிடைத்துவிடும்.

அங்கே எல்லாமே ஏன் இவ்வளவு பெரிய அளவில் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வகைக் கடைக்கு வழிகாட்டி, சோல் பிரைஸ் என்பவர் 1976-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு பழைய விமானக் கொட்டகையில் தொடங்கிய பிரைஸ் கிளப். சிறு வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப்போவதற்காக ஏற்பட்ட கடை அது. 1983-ல் கோஸ்ட்கோவும் சாம்ஸ் கிளப்பும் வந்தன. பிறகு 1993-ல் பிரைஸ் கிளப்பும் கோஸ்ட்கோவும் ஒன்றாகிவிட்டன. இன்று குடும்பங்கள்தான் கூட்டம் கூட்டமாகப் போகின்றன, ஆனால் பொட்டலத்தின் அளவு இன்னமும் கடைக்காரரின் அளவாகவே இருக்கிறது. ஒரு சிற்றுண்டிக் கடை பத்து நாளில் தீர்க்கும் சாமானை நான்கு பேர் உள்ள வீடு எப்போது தீர்க்கும்? பெரிய டின்னைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும்.

விலையைப் பொறுத்தவரை இந்தக் கடைகள் மீது எனக்கு நம்பிக்கை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கோஸ்ட்கோவில் அடக்க விலைக்கு மேல் பிற பிராண்டுகளுக்குச் சுமார் 14 சதவீதம், சொந்த பிராண்டுக்குச் சுமார் 15 சதவீதம், அதற்கு மேல் வைப்பதில்லை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். லாபத்தின் பெரிய ஆதாரம் உறுப்பினர் கட்டணம்தான். அந்த நிறுவனத்தின் செயல்பாட்டு லாபத்தில் பாதி அளவுக்கு அந்தக் கட்டணத் தொகையே வருகிறது. சரக்கு வகைகளும் குறைவு. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் சுமார் 30,000 வகைப் பொருள் இருக்கும் என்றால் இங்கே 4,000-க்குள்தான். வகை குறைந்தால் ஒவ்வொன்றையும் மிகப் பெரிய அளவில் பேரம் பேசி வாங்கலாம், அடுக்குகிற வேலையும் குறையும். ஆகவே விலை குறைவு என்பது உண்மைதான். அந்தக் குறைந்த விலை நம் கைக்கு வந்து சேர்கிறதா என்பது வீட்டுக்கு வந்தபின் தெரிவது.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் முதலில் ட்ராலியில் ஏறுவது அதுதான். எண்ணெய்க்குக் காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் ஆகாது. மூடி திறக்காத டின் மாதக் கணக்கில் நன்றாக இருக்கும். திறந்த நாளிலிருந்து வேறு கணக்கு தொடங்கிவிடுகிறது. எண்ணெய் இறங்க இறங்க டின்னில் காலியிடம் கூடி அதில் காற்று நிறைகிறது, கடைசிக் கால்பங்கு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க அதுவே காரணம். எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. தேங்காய் எண்ணெய் நெடுநாள் தாங்கும். சூரியகாந்தி எண்ணெய் அவ்வளவு தாங்காது, ஆளிவிதை எண்ணெய் அதைவிட மோசம். அதனால் எங்கள் வீட்டில் தினமும் தாளிக்கிற எண்ணெயை மட்டும் பெரிய டின்னாக வாங்குகிறோம். திறந்த அன்றைக்கே நிறமுள்ள கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான் திறந்திருக்கும். எப்போதாவது சாலட்டுக்கு ஊற்றுகிற எண்ணெய் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கே வாங்குவதில்லை.

கொழுப்பு இருக்கிற எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முழு கோதுமை மாவில் முளைப்பகுதியும் அதிலுள்ள எண்ணெயும் சேர்ந்தே அரைபடுவதால் மைதாவைவிடச் சீக்கிரம் வாடை வரும். பழுப்பரிசியும் அப்படியே, தவிட்டிலுள்ள எண்ணெய்தான் காரணம். தீட்டிய வெள்ளை அரிசி ஈரம் படாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆக வெள்ளை அரிசியைப் பெரிய மூட்டையாக வாங்கலாம், பழுப்பரிசியைச் சில மாதத்துக்கு மட்டும். வண்டு பயம் இருந்தால் நான் செய்வது இது: வாங்கி வந்ததும் சிறு பைகளாகப் பிரித்து நான்கு நாள் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் வைப்பேன். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த தானியத்தின்மேல் ஈரம் படிந்து இன்னொரு தொல்லை வரும்.

பாதாம், அக்ரூட், முந்திரி வகைகளில் இந்தக் கடைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தரம், விலை இரண்டிலும்தான். ஆனால் ஃப்ரீசரில் இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அக்ரூட்டை வெளியே வைத்தால் சில வாரங்களிலேயே கசப்பு தட்டும், ஃப்ரீசரில் ஒரு வருஷம் நன்றாக இருக்கும். உண்மையில் என் வாங்கும் பட்டியலைத் தீர்மானிப்பதே ஃப்ரீசரின் காலியிடம்தான். கிளம்புவதற்கு முன்னால் அதன் கதவைத் திறந்து பார்ப்பது பட்டியல் எழுதுவதைவிட முக்கியம்.

பெரிய அளவை எடுத்தே ஆக வேண்டும் என்றால் உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு கிலோ ஒரே பையில் இருப்பதும், கால் கிலோவாக எட்டுப் பை தனித்தனியே ஒட்டி ஒரே உறைக்குள் இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைத் திறந்தால் இரண்டு கிலோவும் காற்றைப் பார்த்துவிடும். இரண்டாவதில் ஏழு பை அப்படியே பத்திரமாக இருக்கும். கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் நான் பின்னதைத்தான் எடுப்பேன். அரைத்த மசாலாத் தூள்களை அங்கே வாங்குவதே இல்லை, மணம் பறந்துவிடும். மிளகு, சீரகம் போன்றவற்றை முழுசாக வாங்கி அவ்வப்போது அரைத்துக்கொள்ளலாம். உப்பு, சர்க்கரை, தேன் பற்றிக் கவலையே வேண்டாம்.

சோப்புத் தூள் வகையறாவுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள், கெடாத பொருள்தானே என்று. தூள் ஈரம் படாவிட்டால் நெடுநாள் இருக்கும், சரி. துணி வெளுக்கும் குளோரின் திரவம் அப்படி இல்லை. அது வைத்திருக்க வைத்திருக்க வீரியம் இழக்கும், சூடான இடத்தில் இன்னும் வேகமாக. ஆறு மாதத்துக்கு மேல் வேண்டிய அளவு வாங்கினால் பிற்பாதியில் ஊற்றுவது வீரியம் குறைந்த திரவம்தான். இன்னொன்று, பெரிய கேனிலிருந்து ஊற்றும்போது கை தாராளமாகிவிடும். துணி துவைக்கும் திரவத்தின் மூடியை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடுகள் மங்கலாகத் தெரியும். சாதாரண அழுக்குக்கு முதல் கோடு போதும். மூடி நிறைய ஊற்றிக்கொண்டிருந்தால் 100 துவைப்புக்கு என்று எழுதிய கேன் 50-க்குக் கூட வராது, மலிவாக வாங்கிய லாபம் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். நாங்கள் மூடியில் முதல் கோட்டின்மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் அழுத்தி வரைந்து வைத்திருக்கிறோம், யார் துணி போட்டாலும் அளவு ஒன்றாக இருக்கட்டும் என்று.

அலகு விலையிலும் எந்த அலகு என்று பார்க்க வேண்டும். டிஷ்யூ சுருளை எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பயனில்லை, ஒரு சுருளில் எத்தனை தாள், எத்தனை அடுக்கு என்பது பிராண்டுக்கு பிராண்டு மாறும். அடர்த்தியான துவைக்கும் திரவத்தை லிட்டரால் ஒப்பிடக் கூடாது, ஒரு துவைப்புக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும். குழந்தைக்கு டயப்பர் வாங்குகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். பிறந்த குழந்தைக்கான அளவு சில வாரங்களில் சிறிதாகிவிடும், அதில் பெரிய பெட்டி வேண்டாம். நடக்கத் தொடங்கும் வயதின் அளவு பல மாதம் ஓடும், அதைத் தைரியமாக அடுக்கலாம். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் வாங்கிக் கொடுத்தோம்.

மருந்துகளில் காலாவதித் தேதியைப் பார்க்காமல் விலையைப் பார்க்காதீர்கள். எப்போதாவது தலைவலி வருகிற வீட்டுக்கு நூற்றுக்கணக்கான மாத்திரை உள்ள டப்பா எதற்கு? சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவ்வளவு மாத்திரையை வைத்திருப்பதே நல்லதில்லை. ஆல்கலைன் பேட்டரி பத்தாண்டு வரை தாங்கும் என்பதால் வாங்கி வைக்கலாம்.

சொந்த பிராண்டுகளைப் பற்றிப் பலருக்குத் தயக்கம் உண்டு. கோஸ்ட்கோ 1995-ல் கொண்டுவந்த கிர்க்லாண்ட் சிக்னேச்சர் இன்று பலர் தேடி வாங்கும் பெயர். என் அனுபவத்தில் பருப்பு கொட்டை வகை, வெண்ணெய், காகிதப் பொருட்களில் சொந்த பிராண்டுக்கு மாறியதில் எந்தக் குறையும் தெரியவில்லை. காபித்தூளும் ஷாம்பூவும் அவரவர் ருசி, அவரவர் தலைமுடி. முதலில் யாரிடமாவது கொஞ்சம் வாங்கிப் பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போகலாம்.

கடைக்குள் நுழைந்ததும் டிவி, மேஜை நாற்காலி, அந்தந்தப் பருவத்துச் சாமான் எல்லாம் முன்னால் நிற்கும். பாலும் முட்டையும் கடைசிச் சுவரோரம். நான் நேரே பின்னால் போய் அங்கிருந்து திரும்பி வருவேன். ட்ராலியில் வேண்டியது ஏற்கெனவே நிறைந்திருந்தால் முன்பக்கத்துப் பொருள்கள் அவ்வளவாக இழுப்பதில்லை. பிஸ்கட், சிப்ஸ் போன்றவை எத்தனை பெரிய பொட்டலமாக வந்தாலும் எங்கள் வீட்டில் அதே நாட்களில்தான் தீரும், அதாவது தின்னும் அளவுதான் கூடும். மிச்சம் என்று ஒன்றும் இல்லை. ஆகவே நொறுக்குத் தீனி என் பட்டியலில் இல்லை. வீணாகாமல் தீர்வதெல்லாம் லாபம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தனியாக இருப்பவர்களும் இரண்டு பேர் மட்டும் உள்ள வீடுகளும் பங்கு பிரித்தால்தான் கட்டுப்படியாகும். நாங்கள் அக்கா வீட்டோடு சேர்ந்து வாங்குகிறோம். சீஸ், இறைச்சி, காய்கறி மூன்றும் பாதிப் பாதி. பில்லை அன்றைக்கே படம் எடுத்து அனுப்பி, பணத்தையும் அன்றைக்கே தீர்த்துக்கொள்வது உறவுக்கும் நல்லது.

கட்டணத்தைப் புதுப்பிக்கும் மாதம் வந்தால் பழைய பில்களை எடுத்து உட்காருவேன். வேறு கடையோடு ஒப்பிட சராசரியாகப் பத்து சதவீதம் மிச்சம் என்றால், கட்டணத்தைப் போலப் பத்து மடங்குக்கு வாங்கினால்தான் கட்டணம் திரும்பும். இந்தப் பத்து மடங்கில் நொறுக்குத் தீனியையும் தூக்கிப்போட்டதையும் சேர்க்கக் கூடாது. கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு 2 சதவீதம் திருப்பித் தரும் உயர்வகை அட்டைக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு: அந்தக் கூடுதல் தொகையைப் போல 50 மடங்குக்கு வருஷத்தில் வாங்கினால்தான் அது சமன் ஆகும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்து டயப்பரும் பாலும் மலைமலையாகத் தீர்ந்தபோது அக்கா வீட்டில் அந்த அட்டை கட்டுப்படியானது. இப்போது சாதாரண அட்டைக்கு மாறிவிட்டார்கள்.