டயாபிரம் குடைய கேஓஹெச்சா, டிஆர்ஐஇ-யா?

பெங்களூருக்கு மெம்ஸ் (சிலிக்கானில் செதுக்கும் நுண்கருவிகள்) படிக்க வரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே வரும் சந்தேகம் இது. டயாபிரம் என்பது அழுத்தத்துக்கு வளையும் மெல்லிய சிலிக்கான் சவ்வு. வேஃபர் எனும் சிலிக்கான் தட்டைப் பின்பக்கமிருந்து குடைந்து அதைச் செய்வோம். கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் அரிக்கலாம், அல்லது டிஆர்ஐஇ எனும் பிளாஸ்மா முறையில் ஆழமாகக் குடையலாம். ஐ.ஐ.எஸ்.சி. நானோ மையத்தில் இரண்டுக்கும் வசதி உண்டு. என் பிரஷர் சென்சருக்கு நான் எடுத்தது கேஓஹெச். நாளைக்குச் செய்தாலும் அதுதான்.

டிஆர்ஐஇ-யில் எஸ்எஃப்6 வாயு சிலிக்கானை அரிக்கும், சி4எஃப்8 சுவருக்குப் பூச்சுப் போடும். மாறி மாறி ஓடும் பாஷ் முறை. சுவர் செங்குத்தாக நிற்கும், வட்டமும் வரும், வேகமும் உண்டு. மெஷினுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வேஃபர்தான். கேஓஹெச் வெறும் சூடான காரக் கரைசல். கூடை நிறைய வேஃபர் இறக்கலாம். 80 டிகிரியில் நிமிடத்துக்குச் சுமார் 1 மைக்ரான், அதனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சுவர் 54.7 டிகிரியில் சரியும். 500 மைக்ரான் வேஃபரில் 1 மி.மீ. டயாபிரத்துக்குப் பின்பக்கம் 1.7 மி.மீ. திறக்க வேண்டும். இடம் வீண்தான்.

இருந்தும் என்னை முடிவெடுக்க வைத்தது தடிமன். டயாபிரத்தில் எழும் தகைவு (சென்சர் உணர்வது இதைத்தான்), தடிமனின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 20 மைக்ரான் இருக்க வேண்டிய இடத்தில் 18 இருந்தால் உணர்திறன் 23 சதவீதம் எகிறிவிடும். டிஆர்ஐஇ-யில் வேஃபரின் நடுவும் ஓரமும் ஒரே வேகத்தில் அரிபடுவதில்லை. 480 மைக்ரான் ஆழத்துக்கு 3 சதவீத வித்தியாசம் என்றாலே 14 மைக்ரான். மிச்சமிருக்கும் டயாபிரமே 20தானே! கேஓஹெச்சில் வெப்பத்தையும் கலக்கலையும் சீராக வைத்தால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். கடைசிக் கட்டத்தில் எடுத்து, கழுவி, விளக்குக்கு எதிரே பிடித்தால், மெலிந்த டயாபிரம் மங்கிய சிவப்பாகத் தெரியும். இன்னும் மெலிந்தால் ஆரஞ்சு. லேபில் ஒரு தூத்துக்குடி அண்ணன் சொல்வார்: "தம்பி, கலரை மட்டும் நம்பாத, ஆழத்தை அளந்துட்டு மறுபடி இறக்கு."

இதெல்லாம் சாதா வேஃபருக்கு. எஸ்ஓஐ வகை வேஃபர் வாங்கக் காசிருந்தால் என் வாதம் படுத்துவிடும்: உள்ளே புதைந்த ஆக்சைடு அடுக்கில் டிஆர்ஐஇ தானாகவே நின்றுவிடும். ஆனால் அதன் விலை பல மடங்கு. சாதா வேஃபரிலும் தடிமன் சீரானதாகப் பார்த்து வாங்குங்கள். அதன் மேடுபள்ளம் அப்படியே டயாபிரத்தில் இறங்கும்.

கேஓஹெச் அலுமினியத்தைத் தின்றுவிடும். மெட்டல் வேலையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் பட்ட வேஃபரை சிமாஸ் (மின்னணு சிப்) வேலைக்கான ஃபர்னஸ் பக்கம் சேர்க்க மாட்டார்கள், அங்கே பொட்டாசியம் இல்லாத டிஎம்ஏஹெச் கரைசல்தான் கதி. கைரோவின் (சுழற்சியை அளக்கும் சென்சர்) சீப்புப் பற்களுக்கு டிஆர்ஐஇ-தான் சரி. அதில் நான் கை வைத்ததில்லை, என்னிடம் ரெசிபி கேட்காதீர்கள்.