எலும்புத் தண்ணியில் எம்டி சால்னா: இரண்டு வருடம் செய்து பார்த்தது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு பரோட்டா கடை இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே தருகிற எம்டி சால்னாவில் ஒரு துண்டு கறிகூட இருக்காது. ஆனாலும் கறிக்குழம்பு வாசம் அடிக்கும், விரலை நக்கினால் லேசாக ஒட்டும். அதை வீட்டில் கொண்டுவர வருடக்கணக்கில் மசாலாவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கல்பாசி கூட்டினேன், கசகசா சேர்த்தேன், மராட்டி மொக்குகூடப் போட்டேன். வாசம் வந்தது, அந்த ஒட்டுதல் வரவில்லை. கடைசியில் ஒருநாள் கடை மாஸ்டரிடமே கேட்டேன். கல்லில் இருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க தண்ணி ஊத்துறீங்கண்ணே, நாங்க கறி வெந்த தண்ணி ஊத்துறோம்" என்றார்.

அன்றிலிருந்து மாதம் இரண்டு தடவை எலும்பு வேகவைத்துச் சாறு எடுத்து ஃப்ரீஸரில் வைத்துக்கொள்கிறேன். 2023 கோடையில் ஆரம்பித்தது.

முதல் இரண்டு மாதம் சொதப்பல்தான். கறிக்கடையில் போய் நல்லி எலும்பு கேட்டேன். மற்றவர்கள் எல்லாம் "எலும்பு போடாதீங்க பாய், கறியா போடுங்க" என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் எலும்பு கேட்கவே அவர் ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் ஆறு விசில் விட்டு வடிகட்டினால் மேலே கெட்டியாகக் கொழுப்பு, அடியில் வெறும் வெந்நீர் மாதிரி ஒன்று. சால்னாவில் ஊற்றியபோது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற சூப் வாசம்தான் வந்தது.

மறுவாரம் அவரே சொன்னார்: "சூப்புக்கா? அப்ப நல்லி மட்டும் பத்தாது சார். மூட்டு எடுத்துக்கோங்க, கூட ரெண்டு காலு."

விஷயம் அதுதான். நல்லியில் இருப்பது பெரும்பாலும் மஜ்ஜைக் கொழுப்பு. ருசி தரும், பிசுபிசுப்பு தராது. மூட்டு, கால், கழுத்து இங்கெல்லாம் ஜவ்வும் தசைநாரும் அதிகம். அதில் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் நேரம் எடுத்து வெந்தால்தான் ஜெலட்டினாக மாறும். உதட்டில் ஒட்டுவது அந்த ஜெலட்டின். திறந்த பாத்திரத்தில் இதற்கு நாலைந்து மணி நேரம் ஆகும். குக்கருக்குள் அழுத்தத்தால் சூடு 120 டிகிரி பக்கம் போவதால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இப்போது நான் செய்வது இப்படி. ஒரு கிலோ மூட்டெலும்போடு, தீயில் வாட்டிச் சுத்தம் செய்த இரண்டு ஆட்டுக்கால். முதலில் ஒரு கொதி விட்டு, நுரையோடு அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவேன். எலும்பைக் கழுவித் துடைத்து, இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு எல்லாப் பக்கமும் சிவக்கும்வரை வறுப்பேன். சூப் வாசம் போய்க் கறி வாசம் வருவது இந்த வறுவலில்தான். நேரமில்லை என்று இதை விட்ட நாளெல்லாம் வருத்தப்பட்டேன். அப்புறம் இஞ்சி, பத்து மிளகு, ஒரு துண்டு பட்டை, இரண்டரை லிட்டர் தண்ணீர். ஏழரை லிட்டர் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம். உப்பு மட்டும் போடவே கூடாது. ஒருமுறை போட்டேன், சால்னாவில் சுண்டச் சுண்ட உப்பு ஏறி, உருளைக்கிழங்கு போட்டும் காப்பாற்ற முடியவில்லை.

வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். சென்னை வெயிலில் ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே விட்டால் காலையில் புளித்துப் போயிருக்கும். மறுநாள் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளைத் தட்டு மாதிரி கொழுப்பு. கத்தி முனையால் நெம்பினால் முழுசாகப் பெயர்ந்து வரும். கீழே பழுப்பாக, பாத்திரத்தைத் தட்டினால் குலுங்குகிற ஜெல்லி. குலுங்கவில்லை என்றால் எலும்பு சரியில்லை, இல்லாவிட்டால் நான் தண்ணீர் அதிகம் வைத்திருக்கிறேன். அந்தக் கொழுப்பைத் தூக்கிப் போடாதீர்கள். சால்னா தாளிக்கும் எண்ணெயோடு ஒரு ஸ்பூன் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

சால்னாவுக்கு வழக்கமான தாளிப்புதான். சோம்பு, பட்டை, கல்பாசி, பிரிஞ்சி இலை, நன்றாகச் சிவந்த வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். எண்ணெய் பிரிந்த பிறகு தண்ணீருக்குப் பதிலாக முக்கால் லிட்டர் சாறு. தேங்காய் விழுதில்தான் நான் ரொம்ப நாள் ஏமாந்தேன். பழைய அளவிலேயே தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா அரைத்து ஊற்றினால் ஜெலட்டினும் சேர்ந்து கூழாகிவிடுகிறது. இப்போது விழுதைப் பாதியாக்கிவிட்டேன், பொட்டுக்கடலையை அறவே விட்டுவிட்டேன். சால்னா தண்ணியாகவே ஓடும், ஆனால் நாக்கில் கனமாக நிற்கும். கடை சால்னாவின் குணமே அதுதானே.

கடைகளில் அஜினோமோட்டோ போடுகிறார்களே, அது இல்லாமல் அந்த ருசி வருமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சில கடைகளில் போடுவது உண்மைதான். அந்தச் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டை 1908இல் ஜப்பானில் இக்கேடா என்ற வேதியியல் பேராசிரியர் கடற்பாசியில் கண்டுபிடித்தார். அதே பொருள் தக்காளியிலேயே இருக்கிறது. இறைச்சியில் இருக்கிற இனோசினேட் அதோடு சேரும்போது சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. தக்காளியை நன்றாக வதக்கிச் சாறும் ஊற்றியபின் எனக்குத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை. நடுவில் சோம்பேறித்தனத்தில் சூப் கட்டி வாங்கிப் பார்த்தேன். டப்பாவைத் திருப்பிப் படித்தால் முதல் பொருளே உப்பு. ருசியும் அப்படித்தான் இருந்தது.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். கால் லிட்டர் டப்பா ஆறு வைத்தால் ஃப்ரீஸர் நிறைந்தது. மூடி சரியாக மூடாத ஒரு டப்பாவால் மே மாதம் முழுக்க எலுமிச்சை ஜூஸில் போட்ட ஐஸ்கட்டியில் ஆட்டு வாசம். அம்மா அந்த டம்ளரை என் முன்னால் நங்கென்று வைத்ததை மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டில் உருகிப்போன ஐந்து டப்பா சாறு. எல்லாவற்றையும் கொட்டினேன். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைப்பதில்லை.

எல்லாக் குழம்புக்கும் இது ஒத்துவராது. மீன் குழம்பில் ஊற்றினேன். புளியும் ஆட்டுச் சாறும் சேராத ஜோடி. காசிமேட்டில் இறால் வாங்கினால் தலையைத் தனியாக வறுத்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் போதும், இறால் தொக்குக்கு அதுதான் சரியான தண்ணி. பிரியாணிக்கு முழுக்கச் சாறு ஊற்றினால் சீரக சம்பா குழைந்த மாதிரி ஒட்டிக்கொள்கிறது, பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும். மிளகு ரசத்தில் ஒரு கரண்டி ஊற்றினால் பிரமாதம். மாட்டெலும்பு கிடைத்தால் ஆட்டைவிடக் கனமான சாறு வரும், செலவும் குறைவு, நேரம் மட்டும் கூடுதல். கோழியில் என்றால் பாதம்தான். நகத்தை வெட்டி மஞ்சள் தோலை உரிக்கும் வேலைக்கு வீட்டில் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள்.

கடை சால்னாவே வந்துவிட்டதா என்றால், பத்துக்கு எட்டு. மத்தியானத்திலிருந்து அண்டாவில் கொதித்துக்கொண்டே இருப்பதும், மேலே மிதக்கிற அந்த ஒரு விரல் எண்ணெயும் என் வீட்டில் நடக்காது. எண்ணெய்க்கு அம்மா விடமாட்டார்கள்.

பரோட்டா மட்டும் இன்னும் கடையில்தான் வாங்குகிறேன். "சால்னா வேணாண்ணே, வீட்ல இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு ஒரு பாக்கெட்டை முடிச்சுப் போட்டுப் பைக்குள் தள்ளிவிடுவார். வீட்டுக்கு வந்து பிரித்தால், அம்மாவின் கை முதலில் போவது அந்தப் பாக்கெட்டுக்குத்தான்.