கோர்ட் டிகிரி ஆன பிறகு: பேசி முடிப்பதா, மஞ்சள் கடுதாசியா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். புரோநோட்டுக் கடன் ஒன்றில் என் மேல் 4 லட்சத்துக்கு டிகிரி (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) ஆகி, அதை வசூலிக்க ஈ.பி.யும் (நிறைவேற்று மனு) போட்டுவிட்டார்கள். கோர்ட் அமீனா ஜப்தி உத்தரவோடு வந்து கம்பி இழுக்கும் மெஷினை எட்டிப் பார்த்த அன்றைக்கு, "பேசாம ஐ.பி. போட்டுருங்கண்ணா" என்றான் பட்டறைத் தம்பி. நான் கடன் கொடுத்தவரிடம் பேசி முடித்தேன்.

ஐ.பி. என்றால் நொடித்தவர் என்று அறிவிக்கச் சொல்லிக் கோர்ட்டில் போடும் மனு; மஞ்சள் கடுதாசி என்பதும் இதைத்தான். அது யாருக்குச் சரி? ஏழெட்டுப் பேருக்குப் பாக்கி, கையில் சொத்தும் இல்லை என்றால் அதுதான் வழி. 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டத்தில் கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம். சொத்து, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். மனுவுக்கு முந்தின இரண்டு வருஷத்துக்குள் வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதியிருந்தால் அதையும் ரத்து செய்யலாம். வெள்ளியை நம்பிக் கையில் கொடுக்கிற தொழிலில் பேர் கெடுவது தனி நஷ்டம்.

ஆனால் என்னைத் தயங்க வைத்தது வேறு. மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கடன் அதோடு போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நொடித்தவர் என்று கோர்ட் அறிவிப்பது ஒன்று, கடனிலிருந்து விடுவிப்பது வேறொன்று. விடுவிக்கச் சொல்லிக் கெடுவுக்குள் தனி மனு போட வேண்டும். விட்டால் முதல் உத்தரவே ரத்தாகும். என் பெரியம்மா மகன் அப்படித்தான் விட்டார். பழைய பாக்கி அத்தனையும் மறுபடி வாசலுக்கு வந்தது.

பேசி முடிப்பதிலும் குழி இருக்கிறது, நானே விழுந்தேன். கடன் கொடுத்தவர் கடையில் டீ குடித்துக்கொண்டே 50 ஆயிரம் கொடுத்தேன். ஒரு பில்லின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாய்தாவில் பார்த்தால் ஈ.பி.யில் அதே முழுத் தொகை! வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். சிவில் நடைமுறைச் சட்டம் 21-வது ஆணை, 2-வது விதிப்படி, வெளியே கொடுத்த பணம் கோர்ட்டில் பதிவாகாவிட்டால் ஈ.பி. கோர்ட் அதைக் கணக்கில் எடுக்காது. பதியச் சொல்லி நாம் மனு போட 30 நாள்தான் கெடு. அன்றைக்கு 22-வது நாள். அந்த பில் துண்டு இருந்ததால் பிழைத்தேன். டிகிரிக்கு உயிர் 12 வருஷம். பதியாமல் விட்டிருந்தால் நாளைக்கு அவர் மகன்கூட ஈ.பி. போடலாம்.

கடைசியில் எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். மீதியை பேங்க் வழியாகவே அனுப்பினேன். அஸ்தம்பட்டி கோர்ட்டில் அவர் தரப்பில் பாக்கி முழுக்கத் தீர்ந்தது என்று முழு திருப்தி மெமோ போட்டு ஈ.பி.யை முடித்தார்கள். எனக்குப் பாக்கி ஒருவருக்குத்தான் என்பதால் இது சரிவந்தது. நாலு பேர் என்றால் நாலு பேரும் இறங்கி வர வேண்டுமே.

சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு வாங்கி, வெள்ளித் தராசுப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். அந்த பில் துண்டின் ஜெராக்ஸும் அதோடு இருக்கிறது.