மாமாவின் எல்பி ரெக்கார்டுகளுக்கு விலை பார்த்த கதை: புத்தகமா, டிஸ்காக்ஸா?

மாமா விட்டுச்சென்ற 130 சொச்சம் ரெக்கார்டுகளை அனுப்பி வைத்தபோது அத்தை சொன்னது இவ்வளவுதான்: "உனக்குப் பிடிச்சதை எடுத்துக்கோ, மத்ததை வித்துக் கொடு. ஏமாந்துடாதே." அந்தக் கடைசி வார்த்தையால் இரண்டு மாதம் விலை பார்ப்பதிலேயே கழிந்தது. அச்சிட்ட விலைக் கையேடு, ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தின் விற்பனைப் பதிவு, பாப்சைக் தளத்தின் ஏலப் பதிவு, ஊர் வியாபாரி சொல்லும் விலை என்று நாலையும் பார்த்துவிட்டேன். இப்போது நான் டிஸ்காக்ஸ் கட்சி.

புத்தகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்கர்களுக்குக் கோல்ட்மைன் கையேடு, பிரிட்டிஷ்காரர்களுக்கு ரேர் ரெக்கார்டு பிரைஸ் கைடு. இரண்டுமே அவரவர் நாட்டில் வெளியானவற்றுக்குத்தான் விலை சொல்கின்றன. கல்கத்தா பக்கம் டம்டம்மில் அச்சான எச்எம்வி, இளையராஜா தட்டுகளால் பெயர்பெற்ற எக்கோ, இன்ரெகோ என்று நம் ஊர் கம்பெனித் தட்டு எதுவும் அதில் இருக்காது. மாமாவின் பெட்டியில் முக்கால்வாசி அதுதான். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதில் புத்தகத்தை மிஞ்ச முடியாது. மாமாவிடம் பீட்டில்ஸின் முதல் எல்பி இருந்தது, 1963, பிரிட்டிஷ் அச்சு. கறுப்பு லேபிளில் தங்க எழுத்து என்றால் ஆரம்ப அச்சு, விலை எங்கேயோ போகும். மஞ்சள் எழுத்து என்றால் அதற்கு அப்புறம் வந்தது. மாமாவுடையது மஞ்சள். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

பாப்சைக் 2003-லிருந்து ஈபே ஏலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அரிய தட்டு என்றால் பார்க்கலாம். இரண்டு பேர் ஒரு ராத்திரி போட்டி போட்டு ஏற்றிய விலையை நம் தட்டுக்கும் நினைத்துக்கொண்டால் தூக்கம்தான் போகும்.

டிஸ்காக்ஸில் பிடித்த விஷயம், ஒருவர் கேட்கும் விலையையும் உண்மையில் விற்ற விலையையும் தனித்தனியாகப் பார்க்கலாம். குறைந்தது, நடு, அதிகம் என்று மூன்று எண்கள். உள்ளே போனால் எந்தத் தேதியில், எந்தத் தரத்தில் இருந்த பிரதி என்ன விலைக்குப் போனது என்ற பட்டியல். படத்தின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், லேபிளில் உள்ள எண்ணை வைத்துத் தேடுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஒரே படத்துக்கு எல்பி, சில பாட்டு மட்டும் உள்ள ஈபி, மறுஅச்சு எல்லாம் தனித்தனிப் பக்கங்கள்.

இனி எல்லாக் கணக்கையும் கவிழ்க்கும் விஷயம்: தரம். கோல்ட்மைன் கையேட்டின் விலை நியர் மின்ட், அதாவது கிட்டத்தட்டப் புதுசு மாதிரி இருக்கும் தட்டுக்கானது. அடுத்த படி விஜி (வெரி குட்) பிளஸ் என்றால் அதில் பாதி, விஜி என்றால் கால்வாசி, குட் என்றால் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். ஆக, 2000 ரூபாய்த் தட்டு 'குட்' ஆனால் 200, மிஞ்சினால் 300. பெயரில்தான் குட். டிஸ்காக்ஸும் இதே தரப்பெயர்களைத்தான் வைத்திருக்கிறது.

நம் ஊர் ஈரப்பதத்தில் நியர் மின்ட் என்பது கனவு. தட்டை விளிம்பில் பிடித்து ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். டியூப்லைட்டில் கண்ணாடி மாதிரி தெரிந்த தட்டில் தலைமுடி கிடப்பது போல நூறு கீறல், ஓரத்தில் உப்புத் தூவியதுபோலப் பூஞ்சை. சில கவர்களில் மைக் செட் கடையின் வரிசை எண் பெயின்டில் எழுதியிருந்தது. கல்யாணம் கல்யாணமாக ஓடிய தட்டு, பார்வைக்குப் பளபளத்தாலும் போட்டுக் கேட்காமல் தரம் சொல்லக் கூடாது. அதிலும் ஒரு வேடிக்கை: டோலக் அதிரும் சினிமாப் பாட்டில் காதில் விழாத சடசடப்பு, வயலின் ஆலாபனையில் அப்பளம் பொரிவது போலக் கேட்கும். அதனால் சங்கீதத் தட்டுகளுக்கு என் கண் சொன்ன தரத்தை ஒரு படி குறைத்தே போட்டேன்.

டிஸ்காக்ஸிலும் குறை உண்டு. தமிழ்த் தட்டுகள் பலவற்றுக்கு ஒன்றிரண்டு விற்பனைதான் பதிவாகியிருக்கும். அதை விலை என்று சொல்ல முடியாது, ஒரு தகவல், அவ்வளவுதான். போதாததற்கு அது தபால் செலவு சேராத விலை. வெளிநாட்டில் ஒருவர் கொடுத்ததை இங்கே பக்கத்துத் தெருக்காரரிடம் எதிர்பார்க்க முடியாது.

வியாபாரி ஒருவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். நான் போட்ட கணக்கில் பாதிக்கும் கீழே. முதலில் கோபம் வந்தது. அப்புறம் பத்துத் தட்டைக் கழுவி, கேட்டு, படமெடுத்து, அட்டை வைத்துக் கட்டி அனுப்பியபோது அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவசரம் என்றால் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

எல்பிக்கு முந்தைய காலத்து 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்குத் தட்டுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. பெட்டியில் இருந்ததே ஏழுதான். ஒன்றை எல்பி துடைப்பது போல ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இப்போது ஆறு.